ஹார்லனுக்கு ஒரு ஓட்டு

ஜனவரி 23, 1961. திங்கள்

கால்வெஸ்டனில் வடக்குக் காற்று வந்தால் முதலில் தெரிவது என் முழங்காலுக்குத்தான். இன்று காலை இந்த வீட்டில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் நான் நொண்டி நொண்டிப் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்றார்கள். ஒருவனும் என்ன வலி என்று கேட்கவில்லை. ஏன்டா என்று நான் கேட்டதற்கு ராய்ஸ் என்பவன் சொல்கிறான்: “முழங்கால் போன பரீட்சையிலயே முடிஞ்சுபோச்சு, மிஸ் நெல்டா. இப்ப ஈரல்தான்.”

ஈரல் வலித்தால் சொல்கிறேன் என்றேன்.

சிகாகோவிலும் டென்வரிலும் இப்படி மருத்துவக் கல்லூரிப் பையன்களின் சகோதர சங்க வீடுகள் இருக்கின்றனவாம். வாசலில் மூன்று கிரேக்க எழுத்து, உள்ளே ஈரத் துண்டு, அழுக்குச் சாக்ஸ். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த எழுத்துகளை இன்னும் வாசிக்கத் தெரியாது. வாசனையை வைத்தே வீடு கண்டுபிடித்துவிடலாம்.

பிப்ரவரி 2, வியாழன்

சாவிக் காய்ச்சல் ஆரம்பம். கல்லூரியில் முதல்தர மாணவர்களுக்கென்று ஒரு சங்கம். சேர்ந்தவன் கடிகாரச் சங்கிலியில் ஒரு தங்கச் சாவியைத் தொங்கவிடலாம். அது எந்தப் பூட்டையும் திறக்காது, ஆனால் பெரிய ஆசுபத்திரிகளின் கதவைத் திறக்குமாம். மார்க்கைப் பார்த்துக் கல்லூரி நாலு பெயர் அனுப்பும். அதில் ஒருவனை வீட்டுப் பையன்கள் ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும். தன் பெயரைத் தானே எழுதுவது அசிங்கம்.

இந்த வருஷம் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெண்டல்தான். பருத்திக் காட்டுப் பையன். பாஸ்டனில் ஒரு அறுவை சிகிச்சைப் பெரியவர் இவனைப் பார்த்துவிட்டு, சாவியோடு வா, எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அன்றிலிருந்து பயல் என் கோழியைக்கூட ஒழுங்காக வெட்டித் தின்பதில்லை. பிரித்துப் பிரித்துப் பார்க்கிறான். “செத்துப்போச்சுடா அது. இனி உன்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன்.

பட்டியலில் ஹார்லனும் இருக்கிறான். மார்க்கில் முதல். ஆனால் நாலு வருஷமாகத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தனியாகத் தின்பவன். யாரும் வா என்று கூப்பிட்டதில்லை, அவனும் வந்ததில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

இந்த வீட்டில் ஒரு கேடுகெட்ட வழக்கம். பட்டியலில் இருந்தும் ஒரு ஓட்டுகூட வாங்காதவன் முன்னால் ஒரு முட்டையை வைத்து, எல்லாரும் மேசையைத் தட்டித் தட்டித் தின்ன வைப்பார்கள். வேகவைத்துக் கொடுப்பது நான். போன வருஷம் தின்ற பையன் சிரித்துக்கொண்டேதான் தின்றான். அப்புறம் இரண்டு வாரம் மேசைக்கு வரவில்லை.

ராய்ஸ்தான் வீட்டுத் தலைவன். பாத்திரம் துடைக்க வந்தபோது சொன்னேன்: ஹார்லனுக்கு நீ ஒரு ஓட்டுப் போடு, வெண்டலுக்கு ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகாது. சரி என்றான். அவனுக்கும் அது மனதில் இருந்ததாம்.

பிப்ரவரி 8, புதன்

எழுதவே கை வரவில்லை.

சாப்பாடு முடிந்து ராய்ஸ் சீட்டுகளைப் பிரித்து வாசித்தான். ஹார்லன். ஹார்லன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மறுபடி ஹார்லன். சிரிப்பு நின்றது. முட்டைச் சட்டியோடு கதவோரம் நின்றவள் நின்றபடியே இருந்தேன். கடைசியில் ஹார்லனுக்குப் பதிமூன்று, வெண்டலுக்கு ஆறு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று.

ஓட்டு நாள் என்பதால் ஹார்லன் கீழே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தான். காது வரைக்கும் சிவந்துபோய் எழுந்து, “எனக்கு… இது தெரியாது. உங்களுக்கெல்லாம் என்னைப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது” என்றான்.

முதலில் கை தட்டியவன் வெண்டல்.

பிப்ரவரி 9, வியாழன்

காலையிலிருந்து சமையலறை பாவமன்னிப்புக் கூண்டாகிவிட்டது. ஒவ்வொருவனாக வருகிறான். காப்பி கேட்பதுபோல் நிற்கிறான். பிறகு, மிஸ் நெல்டா, நான் ஒருத்தன்தான் அப்படிப் போட்டேன், அவன் முட்டை தின்னக் கூடாதே என்று போட்டேன், வெண்டலுக்கு எப்படியும் விழுந்துவிடும் என்று நினைத்தேன் என்கிறான். அடுத்தவனும் அதே. நான் சொன்னது ராய்ஸிடம் மட்டும். மற்றவர்களுக்கு யார் சொன்னது? யாரும் இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக நல்லவன் ஆகியிருக்கிறான்கள். சேர்ந்து கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் வெண்டல் பிழைத்திருப்பான்.

எட்டாவது ஆள் வாயைத் திறக்கும்போதே, “நீ ஒருத்தன்தான், தெரியும். காப்பியக் குடிச்சுட்டுப் போ” என்றுவிட்டேன். அலுத்துப்போய்விட்டது.

ராய்ஸ் வழி சொன்னான். பெயர் நாளை சாயங்காலம்தான் டீனுக்குப் போகிறது. அதற்குள் தோற்றவன் மேசையில் எழுந்து கேட்டால் மறு ஓட்டு உண்டு, வீட்டு விதி. வெண்டல் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் அவனேதான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 10, வெள்ளி

மத்தியானம் வெண்டலைப் பிடித்து உட்கார வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் ராய்ஸிடம் சொன்னதையும் சேர்த்து. கேள், ஒருத்தனும் மறுக்க மாட்டான் என்றேன். மேசைத் துணியில் ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தான்.

“ஹார்லன் இன்னைக்குக் காலையில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டான்” என்றான்.

“பாத்தேன். அதுக்காக பாஸ்டனை விட்டுருவியா? கேளுடா. வாய் இருக்குல்ல?”

“எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது, மிஸ் நெல்டா?” என்றான். “நானும் அவனுக்குத்தான் போட்டேன்.”

கையிலிருந்த துணியை மேசையில் போட்டேன்.

“அவன் ஜெயிக்கணும்னா போட்டே?”

“இல்ல. பாவம்னுதான். அத அவன் முன்னாடி எழுந்து சொல்லச் சொல்றீங்களா?”

சாயங்காலம் இறால் வறுத்தேன். மேசையில் அத்தனை பேரும் தட்டைப் பார்க்காமல் வெண்டலையே பார்த்தார்கள். ஹார்லன் எல்லாருக்கும் சோள ரொட்டியை நீட்டினான், விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி. வெண்டல் இரண்டு துண்டு எடுத்தான். வெண்ணெய் கேட்டான். வேறெதுவும் கேட்கவில்லை.

பெயர் டீனுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 20

கால் வீக்கம். சாப்பாட்டுக்கு வெறும் பீன்ஸ்.

மார்ச் 13, திங்கள்

எந்தப் பையன் எந்த ஆசுபத்திரி என்று இன்று வந்துவிட்டது. ராய்ஸுக்கு டாலஸ். வெண்டலுக்கு இங்கேயே, நாலு தெரு தள்ளி, தர்ம ஆசுபத்திரி. துறைமுகத்துக் கூலிகளும் கத்திக்குத்துகளும்.

பாஸ்டன் ஹார்லனுக்கு. சாவி கிடைத்த பிறகு இவனும் அங்கே கேட்டிருக்கிறான். வெண்டல் கேட்டிருந்தது இவனுக்குத் தெரியாதாம். யாரும் சொல்லாதபோது எப்படித் தெரியும்? நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன செய்ய?

வெண்டல் வந்து, “இனிமேலும் உங்க சாப்பாடுதான், தலையெழுத்து” என்றான். பின் வாசல் திறந்தே இருக்கும் என்றேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 5

பையன்கள் கூடி, அடுத்த வருஷத்திலிருந்து முட்டை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏன் என்று கேட்டவன் ஹார்லன் ஒருவன்தான். முட்டை விலை ஏறிவிட்டது என்றேன்.

ஜூன் 24, சனி

வீடு காலியாகிறது. படிக்கட்டெல்லாம் பெட்டி. வெயில் தலையைப் பிளக்கிறது.

வெண்டல் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு சமையலறைக்கு வந்தான், பின்னால் ஹார்லன். பெட்டிக்குள் கனத்த கம்பளிக் கோட்டு. பாஸ்டன் பனிக்கென்று போன கிறிஸ்துமஸுக்கே வெண்டலின் அம்மா வாங்கி வைத்தது. இந்த ஊரில் அதைப் போட்டால் ஆள் வெந்துபோவான். ஹார்லனைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். அந்தப் புழுக்கத்தில், அடுப்புப் பக்கத்தில் நின்று அவன் கழுத்து வரை பொத்தான் போட்டான். வேர்த்து ஒழுகியது. கோட்டுக் கை விரல் நுனி வரைக்கும் மூடியது.

“எனக்குக் கொஞ்சம் பெருசு” என்றான் ஹார்லன்.

“வளந்துக்கோ” என்றான் வெண்டல்.

ஹார்லன் கோட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

கழற்றுடா, கொடு என்று வாங்கி, உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தேன். மடி முழுக்கக் கம்பளிச் சூடு. அவர்கள் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து மிச்சமிருந்த பீச் பழப் பலகாரத்தைத் தின்று முடித்தார்கள்.