பயமே இல்லை என்று குறித்தவர்கள்

சிவகாசி,
12.8.2006

அன்புள்ள ராக்காயி,

அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஜெர்மனியில் நீயும் அண்ணனும் சுகம்தானே? இங்கே தீபாவளி சீசன். விடிவதற்குள் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பிவிடுகின்றன.

உன் கடிதம் வந்தது. படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பல நாட்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் மேல் விருப்பமா, பயமா என்று ஒப்பிட நீ அனுப்பிய கேள்வித்தாளைத் தமிழாக்கி, என் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்கி அனுப்பினேன். எல்லோரும் ஒன்றுபோல ‘பயமே இல்லை, மிகவும் பிடிக்கும்’ என்று குறித்திருக்கிறார்களே, நீயே உட்கார்ந்து நிரப்பினாயா என்று கேட்கிறாய். தமிழ்ப் பிள்ளைகளை ஒப்பீட்டிலிருந்தே நீக்கப் போகிறாயாம். நல்லா இருக்குடி உன் நியாயம்! என்னைப் பார்த்து இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

மறுநாளே வகுப்பில் விசாரித்தேன். ஏழாயிரம்பண்ணையிலிருந்து வரும் பானுப்பிரியா எழுந்தாள். “வெளியாளுக பேப்பரத் தூக்கிட்டு வந்து கேட்டா, ஒரு கஷ்டமும் இல்லன்னுதான் சொல்லணும் மேடம். சின்னப்புள்ளையிலருந்து வீட்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காக. மாத்திச் சொன்னா கம்பெனிய மூடிருவாகளாம்” என்றாள். சரி, இப்போது நிஜத்தைச் சொல் என்றேன். “புள்ளியியல்னாலே ஈரக்குலை நடுங்குது மேடம்” என்றாள். வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. பாடம் நடத்துகிற எனக்கு அதுவேறு அவமானம்.

இதெல்லாம் உனக்குத் தெரியாதா? வேறு யாராவது கேட்டிருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். நாம் எட்டாம் வகுப்பு படித்தபோது, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்களா என்று விசாரிக்கப் பள்ளிக்கு ஆபீசர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று காலையும் வெடிக்குத் திரி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாய். மருந்து படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நான் வேலைக்கே போறதில்ல சார், எனக்குப் படிக்கத்தான் பிடிக்கும்” என்றாய். அவர் நம்பிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற நான் நம்பவில்லை. ஆனால் உன்னைப் பொய்க்காரி என்று ஒருநாளும் நினைத்ததில்லையடி.

என் மேல் நீ பட்ட சந்தேகத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. அவர்கள் ஏன் அப்படிக் குறித்தார்கள் என்று உன் கட்டுரையில் எழுது. உன்னைவிட அதை யார் எழுத முடியும்?

கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு தொழுகையிலும், அன்று நீ மறைத்த அந்தக் கைகளுக்காக துஆ கேட்கிறேன்.

உன்
ரோஷன் பேகம்