நிற்பவர்கள், இடமிருந்து வலம்

அன்புள்ள ஸ்டுடியோ,

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இப்போது ஒரு ஃபிரைட் ரைஸ் வண்டி நிற்கிறது. நேற்று சாயங்காலம் மாத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன். வண்டிக்காரர் இரும்புச் சட்டியில் சோற்றைப் புரட்டிக்கொண்டே ஒரு பாட்டிலைக் கவிழ்த்து நாலு சொட்டு வினிகர் தெளித்தார். அவ்வளவுதான், எண்பத்தெட்டு வயதுக் கிழவன் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவரை என்ன சொல்ல? எனக்கு அது விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த உன் டார்க் ரூமின் வாடை. சிவப்பு விளக்கு, மூன்று தட்டு, நடுத்தட்டில் மூக்கைத் துளைக்கும் ஆசிட். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இத்தனை வருஷமான பிறகு தபால் எங்கே போகும் என்று கேட்காதே. நீ உயிரோடு இருந்தபோதும் என் கடிதத்துக்குப் பதில் போட்டதில்லை.

நான் அப்போது திண்டிவனத்தில் பத்திரிகை ஏஜெண்டு. விடிந்ததும் ரயிலில் வரும் கட்டைப் பிரித்து, சைக்கிள்காரர்களை அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் அதே பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். நீ விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று ஓட்டிக்கொண்டிருந்தவன். செய்தியோடு படமும் வேண்டும் என்று மெட்ராஸ் ஆபீஸ் கேட்க ஆரம்பித்தபோது நாம் ஜோடி சேர்ந்தோம். நான் உனக்கு ‘ஏஜெண்டு’, நீ எனக்கு ‘ஸ்டுடியோ’. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதாக நினைவே இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ரத்தம் சூடாகிறது. உன் ரெட்டைக்கண் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். மந்திரி வந்தாலும் கரும்பு வண்டி கவிழ்ந்தாலும் நீ மூன்றுக்கு மேல் எடுக்க மாட்டாய். பிறகு உன் சந்துக்கு ஓட்டம், கழுவல், பிரின்ட், எழும்பூர் போகும் ரயிலின் கார்டு கையில் கவர். அங்கே ஆபீஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் காலையில் அது கட்டுக்குள் மடிந்து திண்டிவனத்துக்கே திரும்பி வரும். பிளாட்பாரத்திலேயே கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துப் பிரிப்பேன். படம் வந்திருந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது. விழுப்புரத்துக்கு ஒரு பிரதியைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியிலேயே ஏறிவிடுவேன்.

ஆனால் உன்னிடம் ஒரு வியாதி இருந்தது. எதைக் கண்டாலும் அதைக் கல்யாண குரூப் போட்டோவாக மாற்றிவிடுவாய். கவிழ்ந்த லாரியின் டிரைவரைச் சட்டைக் காலரைச் சரிசெய்யச் சொன்னவன் நீ. தீப்பிடித்த வைக்கோல் போருக்கு முன்னால் சொந்தக்காரர்களை உயர வரிசைப்படி நிறுத்தினாய். கேட்டால், “மூஞ்சி தெரியணும்யா. மூஞ்சி இல்லாத படம் இன்னா படம்?” என்பாய். வைக்கோல் போர் படம் திரும்பி வந்தது. இது பத்திரிகை, கல்யாண ஆல்பம் அல்ல, இன்னொரு முறை இப்படி வந்தால் இந்தப் படக்காரர் வேண்டாம் என்று ஆபீஸ் எழுதியிருந்தது. நான் கொதித்துப்போய் அதை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ ஒரு கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

அப்புறம்தான் அந்த ஐப்பசி மழை வந்தது.

நான்கு நாள் விடாமல் கொட்டியது. விக்கிரவாண்டிக்குக் கிழக்கே ஒரு ஏரி உடைந்தது. ஏரியை ஒட்டிய ஊரில் மண்சுவர் எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஊர் ஆட்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள், அங்கே ஒருவரும் இல்லை என்று பொறுப்பில் இருந்த அதிகாரி மேலே தகவல் கொடுத்துவிட்டார். மரக்காணத்திலிருந்து லாரிகளில் வந்த படகுகள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஏரி உடைந்த மூன்றாம் நாள் காலையில், உடம்பெல்லாம் முள் கீறலோடு ஓர் ஆள் விக்கிரவாண்டி டீக்கடைக்கு வந்து சேர்ந்தார். பெயர் ஏழுமலை. வாழைமரத் துண்டைக் கட்டிப்பிடித்து வெள்ளத்தோடு போய் எங்கோ கரையேறியவர். ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் நிற்பதாகச் சொன்னார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதிகாரியிடம் போய்ச் சொன்னார். பார்க்கிறோம் என்றார்களாம்.

விஷயம் என் காதுக்கு வந்ததும் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். யாருமே இல்லை என்று அதிகாரி எழுத்தில் கொடுத்திருக்கிறார், இருக்கிறார்கள் என்று நீங்கள் வாயால் சொல்கிறீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வழியெல்லாம், இந்த ஒரு தடவையாவது உன் வியாதியை ஸ்டுடியோவிலேயே வைத்துவிட்டு வா என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

செங்கல் லாரியில் பாதி தூரம், மீதியை இடுப்பளவு சேற்றில் நடந்தோம். கேமராவை ஒரு சோற்றுக் குண்டானில் வைத்து மூடி, அதைத் தலையில் சுமந்துகொண்டு நீ முன்னால் போனாய். வழிகாட்டக் கூட வந்த ஏழுமலை உன் கேமரா ஸ்டாண்டைத் தோளில் வைத்திருந்தார். ஏரிக்கரை ஓரிடத்தில் அறுந்து நின்றது. அங்கிருந்து பார்த்தால் இருபது கஜத்தில் பள்ளிக்கூடம். நடுவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. கயிறு வீசினால் கயிறு போய்விடும். மாடியில் கூட்டம். இதற்காகத்தான் நிருபனாகப் பிறந்தவன் காத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அப்படித்தான் தோன்றியது.

நீ ஸ்டாண்டை விரித்தாய். அதைப் பார்த்ததும் மாடியில் ஒரு சலசலப்பு. பெண்கள் விரலால் தலையைக் கோதி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பெரியவரை நடுவில் நிறுத்தினார்கள். அவர் ஈரத் துண்டைப் பிழிந்து, உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று நாளாகச் சோறு காணாதவர்கள் கல்யாண வீட்டு வரிசையில் நின்று உன் கேமராவைப் பார்த்தார்கள்.

நான் கத்தினேன். கையை நீட்டுங்கள், அழுங்கள், கூப்பிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் குழப்பத்தோடு உன்னைப் பார்த்தார்கள்.

“நீ சும்மா இருய்யா,” என்றாய் என்னிடம். பிறகு தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாய்: “அப்பிடியே இருங்க. அசையாதீங்க. எல்லாரும் இங்க பாருங்க.”

நான்கு படம் எடுத்தாய். நான்கும் அதே குரூப்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். இதைப் பார்த்தால் ஏதோ விசேஷத்துக்கு வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள், அந்த ஜனங்கள் செத்தால் உன் தலையில்தான் விடியும் என்றுகூடச் சொன்னேன். வெளிச்சமே இல்லை, மெதுவான ஷட்டர், ஆள் அசைந்தால் முகம் கரைந்துபோகும் என்று ஒரே ஒரு தடவை விளக்கினாய். எனக்கு அது சாக்காகப் பட்டது. கடைசியில் நீயும் நின்று திரும்பினாய்.

“நாளைக்கி பேப்பர்ல வரும், அவங்களும் பாப்பாங்க இல்ல? உம்மூஞ்சிய உனக்கே பாக்கப் புடிக்காத மாரி எடுத்துத் தர நான் எதுக்குய்யா?”

ஏழுமலை எங்கள் சண்டையில் தலையிடவே இல்லை. “என் பொண்டாட்டி புள்ளைங்க படத்துல வுழுந்துக்கிறாங்களாங்க?” என்று மட்டும் கேட்டார்.

விழுப்புரத்தில் சாயங்கால வண்டிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பெரிய பிரின்ட் ஒன்று போட்டாய். அது காய்வதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. சொட்டச் சொட்ட அதை ஒரு கண்ணாடி மேல் ஒட்டிக்கொண்டு மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். ஜன்னலைத் திறந்தால் எஞ்சின் கரி வந்து ஒட்டிவிடும் என்று நீ பெட்டி முழுக்க ஜன்னல்களைச் சாத்த, பயணிகள் புழுக்கத்தில் சண்டைக்கு வந்தார்கள். மல்லாட்டைக் கூடையோடு கடலை விற்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா எல்லோரையும் அடக்கிவிட்டு, கூடையைத் தள்ளி இடம் கொடுத்தார். “இன்னா பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க, இங்க வையி அத,” என்று கண்ணாடியைத் தன் மடியில் வாங்கி, ஓலை விசிறியால் வீச ஆரம்பித்தார்.

நான் உர்ரென்று எதிரே உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை குனிந்து பார்த்தார். பிறகு, ஈரத்தில் படாமல் விரலை ஒரு முகத்துக்கு மேலே நிறுத்தி, “இது என் சம்சாரம், பூங்காவனம்,” என்றார். விரல் நகர்ந்தது. “இது கன்னியப்பன். இது அவன் தங்கச்சி. இது நடுத்தெரு அப்பாவு, பெரியவரு. இது மண்ணாங்கட்டியோட மருமவ, கையில புள்ள, இன்னும் பேர் வெக்கல.” விசிறி வீசிக்கொண்டிருந்த அம்மா ஒவ்வொரு பெயரையும் திரும்பச் சொன்னார். சண்டைக்கு வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முகம்கூடக் கலங்கவில்லை. ஒருவரும் மற்றவரை மறைக்கவில்லை. இவர்கள் கையை விரித்துக் கதறியிருந்தால் அது ஏதோ ஒரு வெள்ளம், ஏதோ ஒரு கூட்டம். எந்த ஊரோ, எந்த வருஷமோ என்று அந்த அதிகாரி ஒரு வரியில் தள்ளிவிடலாம். இந்த நாற்பத்தொரு பேரை அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. நான் பேனாவைத் திறந்தேன். கல்யாணப் படத்துக்குக் கீழே நீ எழுதுவாயே, அதே மாதிரி எழுதினேன். நிற்பவர்கள், இடமிருந்து வலம். உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம். கைக்குழந்தை, பேர் வைக்கவில்லை. மயிலம் தாண்டும்போது பாதிதான் முடிந்திருந்தது. ஏழுமலை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தேன். “ஜல்தி எழுதுய்யா, ஊரு வந்துடும்,” என்று நீ என் முதுகில் தட்டினாய். திண்டிவனத்தில் வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் கார்டு கையில் கவரைத் திணித்தோம். பிளாட்பாரத்தின் கடைசிவரை நீயும் நானும் பைத்தியங்கள் மாதிரி கூடவே ஓடினோம்.

மறுநாள் முதல் பக்கத்தில் முக்கால் பக்கம் படம். கீழே பொடி எழுத்தில் நாற்பத்தொரு பேர். நாம் மூவரும் மறுபடி ஏரிக்கரைக்குப் போயிருந்தோம், உச்சிவேளைக்கு முன்பே இரண்டு படகுகள் வந்துவிட்டன. ஆளே இல்லை என்று எழுதிக் கொடுத்த அதே அதிகாரி, கரையில் நின்று பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, படகிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். பூங்காவனம் இறங்கினார். பிள்ளைகள் இறங்கினார்கள். ஏழுமலை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நீ அதைப் படம் எடுக்கவில்லை, வேட்டித் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாய். நானும் சந்தோஷத்தில் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன்.

அப்பாவு என்ற பெயரை அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டார். பெரியவர் அன்று காலையில் இறந்துபோயிருந்தார்.

பத்து நாள் கழித்து அவர் மகள் வளவனூரிலிருந்து உன் ஸ்டுடியோவுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். அப்பாவை உயிரோடு எடுத்த படம் வேறு எதுவும் இல்லை, பேப்பரில் வந்ததிலிருந்து அவரை மட்டும் தனியாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நீ போட்டுக் கொடுத்தாய். தோளில் மடித்த துண்டு, நேரே பார்க்கும் கண். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“எங்கப்பா இப்பிடித்தாங்க நிப்பாரு,” என்றார்.

நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. ‘பார்த்தாயா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு நிருபனாக இருந்த அத்தனை வருஷமும், எங்கே போனாலும், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்கவில்லை, ஸ்டுடியோ. இருபது கஜத்தில் நின்றுகொண்டு அவரை அழச் சொன்னேன்.