ராணியின் காயம் எந்தக் கன்னத்தில்

அண்ணி,

புது ஃபிளெக்ஸைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, ரெக்சினும் பெயின்ட்டும் கலந்த மாதிரி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற வாடை, அது இப்போது என் ஹால் முழுக்க அடிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. சோபாவுக்குப் பின்னால் சுருட்டி நிற்க வைத்திருப்பது உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர். வானகரத்தில் உங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டில் அண்ணன் கட்டியிருந்ததை, கட்டிய அன்றைக்கே கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாட்ச்மேன் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேறு ஒன்று அடித்துக் கட்டி, நாளும் கழிந்துவிட்டது. இதைத் தூக்கிப் போடலாம் என்றால் கை வரவில்லை. அதில் இருப்பது உங்கள் முகம் இல்லைதான், ஆனால் கீழே உங்கள் பெயர் இருக்கிறதே.

அப்படி என்ன தப்பு என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே கண்டுபிடித்தும் விடுவீர்கள். முந்தானை வலது தோளில் கிடந்தது. வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது பக்கம் போயிருந்தது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிவிட்டிருந்தார்கள். சரி, கை தவறி நடந்தது என்று விடலாம். ஆனால் கன்னம்? கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து தாடை வரைக்கும் இறங்குகிற வெள்ளைத் திட்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்து அதற்கு மேல் பரவாமல் நின்றுவிட்டது என்று நீங்கள் சொல்வீர்களே, அந்த வெண்புள்ளி இடது கன்னத்திலும் இல்லை, வலது கன்னத்திலும் இல்லை. இரண்டும் புதுச் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. நகைக்கடை விளம்பரத்துப் பெண் ஒருத்தி உங்கள் புடவையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

நம் இருவருக்கும் ஒரே வயது. அண்ணன் மனைவி என்பதால் நான் 'வாங்க போங்க' என்பேன், நீங்கள் 'வாடி போடி' என்பீர்கள். திண்டுக்கல்லிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்த புதிதில் நீங்கள் அதிகம் பேசியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா டிவியில் மாயாஜாலப் படம் ஒன்றைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் தோன்றப் போகிற கட்டம். நீங்கள் என் காதருகே குனிந்து, "ஏன்டி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இளவரசி, அவ கையில அம்மை ஊசித் தழும்பு இருக்கே, யாரு போட்டது?" என்றீர்கள். குடித்துக்கொண்டிருந்த காபி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. அம்மா ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு அண்ணி கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீங்கள் வானகரம், நான் அம்பத்தூர். ஆனாலும் மந்திரம், நாகம், பறக்கும் தேர் என்று எந்தப் படம் வந்தாலும் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நாம் இருவரும் ஆஜர். அண்ணன் ஒரே ஒரு தடவை வந்துவிட்டு, உங்களோடு படம் பார்ப்பதற்குக் கணக்குப் பரீட்சை எழுதலாம் என்று சொல்லிவிட்டான். நீங்கள் திரையரங்கில் பேச மாட்டீர்கள். முழங்கையால் இடிப்பீர்கள், அவ்வளவுதான். ஆற்றில் குதித்த வீரன் கரையேறும்போது வேட்டி காய்ந்திருந்தால் ஓர் இடி. ஒரே ராத்திரியில் பௌர்ணமி பிறையாகிவிட்டால் ஓர் இடி. கோட்டைச் சுவரில் தீப்பந்தத்துக்குக் கீழே ஸ்விட்ச் போர்டு தெரிந்த அன்று என் விலா எலும்பு வீங்காமல் போனது அதிர்ஷ்டம். பின்சீட்டுப் பையன் இடைவேளையில், "அக்கா, நீங்க படம் பாக்க வந்தீங்களா, தப்பு கண்டுபுடிக்க வந்தீங்களா?" என்று கேட்டான். "ரெண்டுக்கும்தான் தம்பி. ஒரே டிக்கெட்டு" என்றீர்கள்.

பொய்யான படத்தில் என்ன தப்பு தேடுகிறீர்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். "பாம்பு பறக்கட்டும், நான் நம்புறேன். ஆனா முந்தின சீன்ல என்னை என்ன நம்பச் சொன்னான்னு படம் எடுத்தவனுக்கு ஞாபகம் இருக்கணும்ல. நான் ஞாபகம் வெச்சிருக்கேனே" என்றீர்கள்.

நீங்கள் சிரிக்காமல் வெளியே வந்த படம் ஒன்று உண்டு. சாபத்தால் முகத்தில் தீக்காயம் பட்ட ராணி. அரசவையில் காயம் இடது கன்னத்தில் இருக்கும். காட்டில் வலது கன்னத்துக்கு வந்துவிடும். பிறகு மறுபடி இடது. முதல் தடவை இடித்தீர்கள். இரண்டாம் தடவை கை அசையவே இல்லை. கடைசியில் தேவி வந்து நெற்றியில் விரல் வைக்க, காயம் மறைந்து ராணியின் முகம் பளபளவென்று ஆனது. அரங்கமே கை தட்டியது. நீங்கள் எழுந்து நடந்துவிட்டீர்கள். பார்க்கிங்கில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "ஒருத்தி முகத்துல இருக்கிறது எந்தப் பக்கம்னுகூட அவனுக்குத் தெரியல. எடுத்துட்டா போதும்னு நினைக்கிறான். கை வேற தட்டுறானுங்க" என்றீர்கள். உங்கள் முகத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். அதையும் ராணியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினீர்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? பேனரைச் சுருட்டிக்கொண்டு நேரே திருவேற்காட்டு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை.

"போட்டோல அவங்க அந்தாண்ட பாத்துகினு இருந்தாங்கோ மேடம். மேட்டருக்கு, அதான் பக்கத்துல வர்ற எழுத்துக்கு, முதுகு காட்ற மாதிரி இருந்துச்சு. அதான் திருப்பி வுட்டேன்."

"முந்தானை எந்தத் தோள்ல வருதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"யாரு மேடம் பாக்கப் போறா? ரோட்ல போற ஜனம் பேரைப் பாக்கும், மாலையப் பாக்கும், போய்கினே இருக்கும்."

இந்த ஊரில் இதைப் போல ஒரு வசனம் வேறு கிடையாது. யார் பார்க்கப் போகிறார்கள். ஸ்விட்ச் போர்டை மறைக்காதவனும் இதைத்தான் சொல்லியிருப்பான், ராணியின் காயத்தை இடம் மாற்றியவனும் இதைத்தான் சொல்லியிருப்பான். பார்க்கிற ஒருத்தி இருந்தாள், ஐயா, அவள் போய்ச் சேர்ந்த வருஷ நாளுக்குத்தான் உன்னிடம் இதைக் கேட்டது என்று கத்திவிட்டேன். கடையில் பிறந்தநாள் பேனருக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கன்னத்தை ஏன் அழித்தாய் என்று கேட்டபோதுதான் அவர் குரல் மாறியது.

"அது நானு தொடவே இல்ல மேடம். வந்ததே அப்டித்தான். சார் அனுப்புனது இங்க கீது, நீங்களே பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான்.

அண்ணனிடம் போனேன். அவன் குக்கர் வைத்துக்கொண்டிருந்தான். உன் பெண்டாட்டி முகத்தை அழிக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்றேன். அவன் அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் ஆபீஸ் போனை எடுத்து வந்தான். அதை இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான்.

"நான் அழிக்கல. இது அவளே வெச்சிருந்த போட்டோ. ஆபீஸ் நம்பர்ல இதான் டிபி."

எனக்கு உங்களுடைய அந்த எண் தெரியாது. எனக்குத் தெரிந்த எண்ணில் நீங்கள் எப்போதும் ஒரு செம்பருத்திப் பூ.

"வேலைக்கு ஆள் எடுக்கிற வேலை. அந்தச் சின்ன ரூம்ல உக்காந்து நாள் பூரா வீடியோ கால்" என்றான் அண்ணன். "முகத்துல என்ன மேடம், ஒட்டுமா, எங்க சித்திக்குக்கூட இருக்கு, இந்த மருந்து போடுங்கன்னு ஆளாளுக்கு. ஏதோ ஒரு செட்டிங்கைப் போட்டா முகம் ஒரே கலர்ல தெரியுமாம். போட்டுக்கிட்டா. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுன்னா. நான் என்ன சொல்றது? ஊருக்குக் காட்டணும்னு அவ வெச்ச முகம் இதுதானே. பேனரும் ஊருக்குத்தானே."

அவனைத் திட்டத்தான் போயிருந்தேன். அந்தக் கோபம் எங்கே போவது? முதலில் அந்த ஆட்கள் மேல் போனது. வேலை கேட்டு வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வேலை கொடுக்கிறவள் கன்னத்தைப் பார்த்து ஒட்டுமா என்று கேட்கிற வாய் என்ன வாய்? பிறகு, சொல்லாமல் என்ன, உங்கள் மேல்தான் வந்தது. தேவி விரல் வைத்ததற்கு எழுந்து போனவர் நீங்கள். அதே விரலைத் தினமும் காலையில் நீங்களே வைத்துக்கொண்டீர்களா? அதை இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு சனிக்கிழமைகூட என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா?

என் போனில் ஒரு படம் இருக்கிறது. இடைவேளையில் எடுத்தது. ஒரு கையில் சமோசா, முகத்தில் பக்கவாட்டில் வெளிச்சம், இடது கன்னம் முழுசாகத் தெரிகிறது. எதற்கோ வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைத்தான் போடப் போகிறேன் என்றேன். அண்ணன் போனைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அவ மறைச்சதை நீ வாசல்ல மாட்டப் போறியா?"

"மறைக்க வெச்சவனுங்களுக்காக நான் ஏன் மறைக்கணும்?"

"உன் இஷ்டம். நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ. என்னால முடியாது."

கடைக்குப் படத்தை அனுப்பினேன். மாதிரி வந்தது. கன்னம் மறுபடியும் சுத்தம். நேரில் போனேன்.

"அது ஆட்டோமேட்டிக்கா எடுத்துருது மேடம். எல்லாரும் க்ளீன் பண்ணித்தான் கேப்பாங்கோ. நீங்க இன்னான்னா கறைய வெக்கச் சொல்றீங்கோ."

"கறை இல்ல. கன்னம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், திரையை ஒரு முறை பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து தாடை வரைக்கும் ஒவ்வொரு இடமாகத் திரும்பக் கொண்டுவர வைத்தேன். முந்தானை இடது தோளில், மூக்குத்தி வலது மூக்கில். சமோசாவை மட்டும் வெட்டிவிட்டோம். கிளம்பும்போது அவர், "அக்கா சோக்கா சிரிக்கிறாங்கோ" என்றார். அதற்குமேல் அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் நாளன்று காலையில் அது கேட்டில் ஏறியது. படையல் முடிந்து கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. உங்களுக்குப் பிறகு பக்கத்து பிளாக்கில் குடிவந்த அம்மா ஒருவர், உங்களைப் பார்த்தே இராதவர், கேட் பக்கமிருந்து வந்தார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"பேனரை ஒழுங்கா அடிக்கலபோல. கன்னத்துல மை படாம வெள்ளையா விட்டிருக்கான் பாருங்க. மாத்தித் தரச் சொல்லுங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உயிரோடு இருந்தவரை நோய் என்றார்கள். இப்போது அச்சுப் பிழை என்கிறார்கள். இலையை விட்டு எழுந்தேன். அதற்குள் அண்ணன், கையில் சாம்பார் வாளியோடு நின்றவன், திரும்பினான்.

"மை சரியாத்தாங்க விழுந்திருக்கு. அவ முகம் அதுதான்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போய்விட்டான். அவன் ஊற்றியது இலையிலும் விழுந்தது, மேசையிலும் விழுந்தது.

நீங்கள் மறைத்ததை நான் உங்களைக் கேட்காமல் வாசலில் மாட்டினேன், அண்ணி. அது உங்களுக்குப் பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அத்தனை பேருடைய அத்தனை கேள்வியையும் அந்தச் சின்ன அறையில் தனியாக வாங்கிக்கொண்டு, சனிக்கிழமையானால் ஒன்றுமே நடக்காதது போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்தீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கேமராவுக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் சண்டை போட்டிருப்பேன். நன்றாகப் போட்டிருப்பேன். அந்தச் சண்டைதான் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது.