நான் கை வைக்காத மழைக்கோட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் ‘அன்புள்ள’ என்று போட்டிருக்கிறேன். மற்றபடி பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலையில் போன் எடுக்காது என்று தெரியும். நீ ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில், எட்டு நாள் நடையில் நாலாம் நாள் தங்கும் விடுதியின் பெயர் இருக்கிறது. அங்கே காய்கறி ஏற்றிப் போகும் வேன்காரரைத் தேடிப் பிடித்து இந்தக் கடிதத்தையும் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் நாளிலிருந்து மேலே நல்ல மழை என்கிறார்கள். இப்போது நீ வைத்திருக்கும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்காதே. அது ஒழுகும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கோபத்தைக் கேள். இருபத்தாறு வருடமாக ஊருக்கே தைத்துக் கொடுக்கிறவன் நான். நீ என்னடாவென்றால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏறப்போகிறேன் என்று மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினாய். பெரிய கடையில் ஒரு மழைக்கோட்டின் விலை, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் உனக்குக் கிடைக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று வந்து புலம்பினாய். சரி, கட்டிய பாவத்துக்கு நானே தைத்துத் தருகிறேன் என்று நல்ல காட்டன் துணியில் இரண்டு சட்டையும் ஒரு பேன்ட்டும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “காட்டன் நனைஞ்சா சீக்கிரம் காயாதுங்க, ஒடம்போட ஒட்டிக்கிட்டுக் குளிர் ஏறிடும்” என்றாய். நாள் முழுக்கத் துணி காயவைப்பவளிடம் நான் என்ன வாதாடுவது? அந்தச் சட்டைகள் மடித்தபடியே கட்டில் மேல் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக் கடைக்குப் போய், யாரோ போட்டுக் கழித்ததை அள்ளிக்கொண்டு வந்தாய். முழங்காலில் ஜிப் வைத்த பேன்ட்! பாதியைக் கழற்றினால் அரைக்கால் சட்டையாகிவிடுமாம். எந்தப் புதுத்துணிக்கும் உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மழைக்கோட்டை மாட்டிக் காட்டி, “இதுல மட்டும் கை வெச்சிடாதீங்க, சாமி” என்று கும்பிட்டாய்.

வைத்தேன்.

நீ மத்தியான ஷிப்டுக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு அக்குளிலும் ஒரு சாண் நீளத்துக்கு ஜிப். காற்று நேராக நெஞ்சுக்குப் போக வழி வைத்தது போல. போன வருடம் நிமோனியா வந்து நீ பதினோரு நாள் கிடந்தாயே, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே? இரண்டு ஓட்டையையும் இழுத்துப் பிடித்துத் தைத்தேன். உள்பக்கம் தையல்களின் மேல் பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. எவனோ சோம்பேறி ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறான் என்று அத்தனையையும் உரித்துப் போட்டுவிட்டு, எல்லாத் தையல் மேலும் இன்னொரு தையல் ஓட்டினேன். அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்து ரொம்ப நாளாகிறது. உன்னிடம் சொல்லவில்லை. நீயும் கவனிக்காமல் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, வாசலில் நின்ற தோழிகளோடு போயே போய்விட்டாய்.

நேற்று அந்தக் கடைக்குச் சண்டை போடப் போனேன். கிழிசலை எப்படி விற்கலாம் என்று சத்தம் போட்டேன். கடைக்காரம்மா முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, அந்த நாடாதாங்க மழைய நிறுத்துறதே. ஊசி போன ஓட்டை அத்தனையிலயும் தண்ணி எறங்குமே. அக்குள் ஜிப்பு வேர்வை போறதுக்குங்க. ஏறும்போது உள்ள வேர்த்து நனைஞ்சா, நின்னதும் வெறைச்சுப் போயிடுவாங்க” என்றார். நான் நம்பவில்லை. ஒரு பழைய கோட்டில் நாடாவை உரித்து, தையல் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். வரிசையாகச் சொட்டியது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பொட்டலத்தில் இருப்பது வேறு மழைக்கோட்டு. அதே கடை, நீல நிறம், இதிலும் அக்குளில் ஜிப் உண்டு. கை இரண்டு அங்குலம் கூடுதல் நீளம், மடித்துவிட்டுக்கொள். எனக்குக் கை பரபரத்தது, தொடவில்லை. இதில் ஒரு நூல்கூட என்னுடையது இல்லை.

இத்தோடு கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. அந்தம்மா இன்னொன்றும் சொன்னார். நீ இரண்டு தடவை வந்தாயாம். இரண்டு தடவையும் ஆண்கள் பக்கம் போய், என் அளவான நாற்பத்திரண்டில் ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டை எடுத்து விரித்துப் பார்த்தாயாம். “அவரு வர மாட்டாரு” என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டாயாம்.

என்னைக் கேட்டாயா? ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் சீசன் முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். பள்ளிச் சீருடை சீசன் முடிந்தால் கல்யாண சீசன் என்று இருபத்தாறு வருடமாக அதையேதான் சொல்கிறேன், அதுவும் தெரியும். அதற்காக நீ கேட்பதையே விட்டுவிடுவதா? முன்பின் தெரியாத ஒரு பெண்மணி சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வேண்டுமா? எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சாம்பல் கோட்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறது. போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் சரியாகத்தான் இருக்கிறது. தோள்தான் தெரியவில்லை. ஊரில் பாதிப் பேருடைய தோளை அளந்தவன் நான். என் தோளுக்கு நானே டேப் பிடிக்க முடியவில்லை. நீ வரும்வரை யாருக்கும் விற்க வேண்டாம் என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏறும்போது அக்குள் ஜிப்பைத் திறந்து வை. நின்றால் மூடிக்கொள். நனையாமல் வந்து சேர். டேப்பை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உன் வீட்டுக்காரன்