ஆடுகோடி வழியாகப் போனோம்

ஈஜிபுரா, பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தாரணிக்கு,

அப்பா எழுதுவது. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த ஒற்றை அறையில் நான் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு விஜய்குமார் நாளை மஸ்கட் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவின் முதுகுக்கு நீ ஏற்பாடு செய்திருந்த ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் படி.

இன்னொரு பெரிய டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டினோம். மூன்று வருஷத்துக்கு முன் நம் ஆட்டோ கவிழ்ந்ததில் விரிசல் விட்ட எலும்பு எப்போதோ கூடிவிட்டதாம். அறுத்துச் சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லையாம். வெளியே வந்ததும் அம்மா அழுதாள். "அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றாங்களா?" என்றாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

அந்த டாக்டர்தான் பிசியோதெரபி பார்க்கும் சங்கமித்ராவிடம் அனுப்பினார். நம் கோலார் தங்கவயல் பெண். "வலி நெசந்தாம்மா. ஆனா எலும்புலேர்ந்து வரல. அடுத்து இன்னா ஆகும்னு மூளை முன்னாடியே ஊகிச்சிக்கும். அன்னிக்கு அடிபட்டதுலேர்ந்து, குனிஞ்சாலே ஆபத்துன்னு அது நெனைச்சிக்குது. அதான் ஒண்ணும் ஆவறதுக்கு முன்னாடியே வலிய அனுப்பி உங்களத் தடுக்குது" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, தூக்கி, நடந்து, ஒன்றும் ஆகவில்லை என்று மூளைக்குக் காட்ட வேண்டுமாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவங்க எழுந்திரிக்கும்போது நீங்க இன்னா சொல்வீங்க அங்கிள்?" பார்த்து, பார்த்து என்பேன் என்றேன். குடத்தைத் தொட விடமாட்டேன், துணி பிழிய விடமாட்டேன் என்று பெருமையாகவே சொன்னேன். "நீங்க 'பாத்து'ன்னு சொல்ற ஒவ்வொரு வாட்டியும் ஆபத்து இன்னும் போகலன்னு அவங்க மூளைக்குச் சொல்றீங்க" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா ஆறு வாரம் பயிற்சி செய்தாள். அரைக் குடம் தண்ணீர் தூக்கினாள். ஆனால் ஆடுகோடி என்று யாராவது சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். ஆட்டோ கவிழ்ந்த இடம் அல்லவா. போன வியாழக்கிழமை அவளே சொன்னாள்: "அந்த வழியா இட்டுனு போ. நீ வாயத் தொறக்கக் கூடாது."

உடனே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கோரமங்களாவைத் தாண்டும்போதே கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. சிக்னல் தெரிந்ததும் "நிறுத்து" என்று கத்தினாள். ஓரங்கட்டினேன். பின்னால் ஒரே ஹாரன். டிராபிக் போலீஸ்காரர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே வந்தார். திரும்பிவிடலாம் என்று சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"அன்னிக்கு நீ போன்ல பேசிக்கினே ஓட்டுன. நாய் ஒண்ணும் குறுக்க வரல. எனக்குத் தெரியும். இப்ப ஓட்டு."

தாரணி, நாய் குறுக்கே வந்துதான் வண்டி கவிழ்ந்தது என்று உன்னிடமும் சொல்லியிருந்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் அம்மாவும் எனக்காக அதையே சொல்லி வந்தாள்.

சிக்னலைத் தாண்டினோம். ஓசூர் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். அவளுக்கு வலிக்கவில்லை என்று எழுதமாட்டேன். வலித்தது. ஆனால் வீடு வரும்வரை அதற்கு மேல் ஏறவில்லை. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தனியாக மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். கீரையும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டு, கீரைக்காரியைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். போன் எடுத்ததும் "வலி எப்படிம்மா இருக்கு" என்கிறாய். உடனே அவள் கை இடுப்புக்குப் போகிறது. பாசத்தில்தான் கேட்கிறாய் மகளே, நானும் அப்படித்தான் இருந்தேன். இனிமேல் என்ன சமைத்தாய், யாரோடு சண்டை போட்டாய் என்று கேள். திட்ட வேண்டியதை என்னிடம் திட்டு, என் நம்பருக்கே போன் செய். எப்போது அடித்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு எடுப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாதுரை