ஐந்தாம் கேள்விக்கு உங்கள் பதில்

டீச்சர்,

போன வாரம் தலைமையாசிரியை ஒரு படிவத்தை என் கையில் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைச் சூடு இன்னும் ஆறாத தாள். 'எல்லாக் குழந்தைகளுக்கும் கணக்கு' என்ற பயிற்சி ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வருகிறதாம். அதே ஏழு கேள்விகள். ஐந்தாவதில் என் கண் நின்றுவிட்டது. "பாடம் நடந்தபோது எந்தக் குழந்தையாவது விடுபட்டதா? ஆம் எனில், யார்?" நீங்கள் இறந்து மூன்று வருடமாகிறது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

ரெட்டியார்பாளையம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றால் நாம் இரண்டு பேர்தான். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நீங்கள் என்னை டீச்சர் என்பீர்கள், நான் உங்களை டீச்சர் என்பேன். மதியம் உங்கள் வீட்டு மீன்குழம்பு கேட்காமலே என் டப்பாவுக்கு வரும். இவ்வளவு தருகிறாளே, என்ன காரியம் ஆக வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டேதான் சாப்பிடுவேன். "என்னா டீச்சர், மீனக்கூட விசாரிச்சுட்டுத்தான் சாப்புடுவீங்களா?" என்று சிரிப்பீர்கள். நான் சிரித்ததில்லை.

முதல் பயிற்சி ஐந்து நாள் நடந்தது. காகிதத்தை மடித்துப் பின்னம் சொல்லிக்கொடுக்கலாம், விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள், காது மந்தமான பிள்ளையை முன் வரிசையில் உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசுங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நீங்கள் ஆசையாக மடித்துக்கொண்டிருந்தீர்கள். நாற்பது பிள்ளைகளை ஒருநாள் மேய்த்துப் பார்த்தவர்கள்தானா இதைச் சொல்வது என்று நான் கடுப்பில் இருந்தேன். கடைசி நாள் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார்கள். ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்த்து, படிவத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டித் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். அதே வாரம் ஆபீஸ் கிளார்க் வேறொன்று சொன்னார். நம் பள்ளியில் ஒரு கணக்கு போஸ்ட் அதிகம், யாராவது ஒருவர் நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற காரைக்காலுக்கு மாற்றலில் போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததையே நான் ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பக்கம் கை கால் வராமல் படுக்கையில் இருந்தார். அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

முதலில் நீங்கள் என் வகுப்புக்கு வந்தீர்கள். ஆறாம் வகுப்பு, பின்னம். பவித்ராவுக்குக் காது சரியாகக் கேட்காது, எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். யாராவது பார்வையிட வந்தால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வருகைப் பதிவேட்டை அவள் கையில் கொடுத்து, "பெரிய மிஸ்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் வரணும்" என்று அனுப்பினேன். தலைமையாசிரியை மீட்டிங்கில் இருப்பது எனக்குத் தெரியும். வகுப்பு ஜம்மென்று நடந்தது. நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் பவித்ரா எல்லாப் பின்னக் கணக்கையும் சரியாகப் போட்டிருந்தாள். காப்பி அடித்திருப்பாள் என்று இடம் மாற்றி உட்காரவைத்தேன். அங்கேயும் சரியாகப் போட்டாள். யாரடி சொல்லிக்கொடுத்தது என்று உரக்கக் கேட்டேன்.

"பக்கத்து கிளாஸ் டீச்சர், மிஸ். ஆபீஸ் வாசல்ல எங்கூட ஒக்காந்து பேப்பர மடிச்சிக் காட்டுனாங்க."

என் வகுப்பை விட்டுப் போகும் வழியில் அவள் இன்னும் காத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். அப்படியானால் ஐந்தாம் கேள்விக்கு அவள் பெயரை எழுதியும் இருப்பீர்கள். அன்று மதியமும் ஒன்றும் நடக்காதது மாதிரி எனக்கு மீன் வைத்தீர்கள். "மொகம் ஏன் இப்டி இருக்கு? மனசுல உள்ளத கேட்டுட்டா முடிஞ்சிபோச்சி, ஏன் டீச்சர் வச்சிக்கிட்டு வேகுறீங்க?" என்றீர்கள். தலைவலி என்றேன்.

அடுத்த வாரம் நான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன், ஒரு வார்த்தை பொய்யில்லை. "பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். ஆசிரியர் தடுக்கவில்லை. சத்தம் அதிகம். பாடம் குறித்த நேரத்தில் முடியவில்லை." விரலைத் தடுக்கக் கூடாது என்று ஐந்து நாள் கேட்டவள் நான். அன்று உங்கள் வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பிள்ளை தானாக எழுந்து போர்டுக்குப் போனது. வகுப்பே கை தட்டியது. அதை எழுதவில்லை. உறையை இரண்டு தடவை ஒட்டினேன்.

இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது, உங்கள் பெயருக்கு. எனக்கு நிம்மதியாக இருந்தது டீச்சர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். நீங்களே கேட்டு வாங்கிப் போனதாக ஒரு பேச்சு அடிபட்டது. யார் அப்படிக் கேட்பார்கள் என்று அதையும் நான் நம்பவில்லை.

காரைக்காலிலிருந்து ஒரு தடவை போன் செய்தீர்கள். "பவித்ரா எப்டி இருக்கா? முன்னாடி ஒக்கார வச்சிருக்கீங்களா?" எனக்கு அது குத்திக்காட்டுவதாகப் பட்டது. "பெல் அடிச்சிட்டாங்க டீச்சர், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பெல் அடிக்கவில்லை. அப்புறம் பேசவும் இல்லை. இரண்டாம் வருடம் மாரடைப்பு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உங்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஒங்களப் பத்தி நெறைய சொல்வாங்க ஆன்ட்டி" என்று அழுதாள். அந்த 'நெறைய' என்னவாக இருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் குடைந்துகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

இப்போது புதுப் படிவத்தைக் கொடுத்த தலைமையாசிரியை, "பழைய கட்டு பீரோவுல கெடக்கு. நல்லா எழுதுனதா ஒண்ணு எடுங்க டீச்சர், மாதிரிக்கு எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடலாம்" என்றார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா, பழையதைப் பார்த்துப் புதியதை எழுதுவதுதானே. கட்டைப் பிரித்தேன். உங்களுடையதும் என்னுடையதும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஐந்தாம் கேள்விக்கு எதிரே உங்கள் சாய்ந்த எழுத்து. "இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர் நன்றாக நடத்தினார்."

ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. பிறகுதான் கவனித்தேன், இரண்டும் ஜெராக்ஸ். அசல் எங்கே என்று கேட்டேன். "மேல போயிருக்கும். அதெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. யாரோ படித்திருக்கலாம். ஒன்றில் குறையே இல்லை, இன்னொன்றில் குறையைத் தவிர வேறில்லை. யாரைக் காரைக்காலுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய அதற்குமேல் என்ன வேண்டும்? நீங்கள் எழுதிய பொய் என்னை என் வீட்டில் வைத்தது. நான் எழுதிய நிஜம் உங்களைக் காரைக்காலுக்கு அனுப்பியது. என்றைக்காவது நான் இதைப் படித்துக் கூசவேண்டும் என்றேதான் எழுதினீர்களோ என்றும் ஒரு கணம் தோன்றியது. பாருங்கள், என் புத்தியை.

உங்கள்மேல் ஒரு கோபமும் உண்டு. நீங்கள் 'இல்லை' என்று எழுதியதால் பவித்ராவைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. வருடக் கடைசிவரை அவள் மூன்றாம் பெஞ்சிலேயே இருந்தாள். பத்தாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டாளாம். இருந்தாலும் அந்தப் பழி என்னுடையது, உங்களுக்கு அதில் பங்கில்லை.

பேனாவை எடுத்து உங்கள் 'இல்லை'யை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: "ஆம். பவித்ரா. காது கேட்காத பிள்ளை. வெளியே அனுப்பியது வகுப்பாசிரியராகிய நான்." கையெழுத்துப் போட்டு மாதிரிப் படிவமாக அதையே கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டு, "என்னா டீச்சர் இது, இதப் போயி எல்லாருக்கும் குடுக்கச் சொல்றீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் டிராயரில் போட்டுப் பூட்டினார்.

அவர் அப்படித்தான் செய்வார் என்று எனக்கு முன்பே சந்தேகம். அதனால் காலையிலேயே பன்னிரண்டு பிரதி எடுத்து ஒவ்வொரு டீச்சர் மேசையிலும் வைத்திருந்தேன். பிரதி எடுக்கும்போது உங்கள் பெயரும் கையெழுத்தும் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டேன். பன்னிரண்டு தாளிலும் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது டீச்சர். உங்களை இந்தத் தடவை நான் காட்டிக்கொடுக்கவில்லை.