மரத்தின் தூரில் இருந்த காளான்

மதினி,

மழை விட்டபின் கொல்லைப் பக்கம் போனேன். புளியமரத்தின் தூரில் ஒரு மரக்காளான். மேலே அரக்குப் பூசியது போன்ற செம்பழுப்பு, அடியில் வெள்ளை. குனிந்து முகர்ந்தால் ஈரக்கட்டை வாசனை. அவ்வளவுதான், கொல்லைக்குள் மஞ்சு, அந்த மலை மூடுபனி, இறங்கிவிட்டது. போடியில் நிற்கிறேனா, ஏலமலையில் நிற்கிறேனா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அப்போது சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு ராசிங்காபுரம் வந்த மறு வருடமே எல்லோரும் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறினோம். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் நம் எல்லோருக்கும் ஒரே அறை. மஞ்சு இறங்கினால் எனக்கு இளைப்பு வந்துவிடும், நெஞ்சுக்குள் பூனை கத்தும். நீங்கள் மரம் மரமாகத் தேடிக் காளான் அறுத்து வருவீர்கள். கட்டைபோல் கிடக்கும் அதைச் சீவி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்ச் சூட்டில் காயவைத்து, அரை நாள் கொதிக்கவிட்டு, கறுத்த நீரை நீட்டுவீர்கள். வேப்பங்கொழுந்தே அதற்குத் தித்திப்பு.

"மூஞ்சியச் சுளிக்காமக் குடி ஆத்தா. வெரசாக் குடிச்சா கசப்பு தெரியாது."

எப்படித் தெரியாமல் போகும்! ஆனாலும் குடித்த வாரங்களில் மூச்சு சீராக வந்தது. மருந்தா, உங்கள் பிடிவாதமா, நான் அறியேன்.

எந்த மரத்தில் அறுத்தாலும் ஒரு காளானை மட்டும் விட்டுவிடுவீர்கள். காளான் முளைத்த மரம் உள்ளே உளுத்துப்போன மரம். காற்றுக்காலம் தொடங்குமுன் கங்காணி ஒவ்வொரு தூரையும் குனிந்து பார்த்து, காளான் கண்ட மரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார். அதை வெட்டிச் சாய்த்த பிறகுதான் நாம் அந்தப் பக்கம் காய் எடுக்க இறங்குவோம். "ஒண்ணாவது இருக்கட்டும். மரம் வாயத் தொறந்து சொல்லாது, இதுதேன் சொல்லும்" என்பீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் நானே அரிவாளோடு போனேன். ஓடைக்கரை மரத்தில் நாலு காளான் இருந்தன. நாலையும் அறுத்தேன். மறதி இல்லை மதினி, ஆசை. ஒன்றை விட்டால் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களே என்று. மறுநாள் மஞ்சில் கங்காணி அந்தத் தூரைப் பார்த்தார், காளான் இல்லை என்று கோடு போடாமல் நடந்தார். அப்போதும் பேசாமல் இருந்தேன்.

காற்றுக்காலம் வந்தது, நீங்களும் தேறி ஓடைக்கரையில் இறங்கியிருந்தீர்கள். மஞ்சுக்குள் உங்கள் முகம் தெரியவில்லை, செடிக்கடியில் குந்திக் காய் எடுத்தபடி நீங்கள் முணுமுணுத்த பாட்டு மட்டும் கேட்டது. அந்த மரம் விழுந்தபோது பெரிய சத்தம் வந்ததாக எனக்கு நினைவில்லை. வெண்மை ஒருபுறம் கிழிந்து மூடியது. பாட்டு நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் வலது கால் மரத்துக்கு அடியில் இருந்தது.

ஆட்கள் மரத்தை நெம்பினார்கள். கங்காணி தூரில் இருந்த அறுத்த தடங்களைக் கண்டுவிட்டார்.

"எவ அறுத்தது? ஒண்ண விட்டு வைக்கத் தெரியாதா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தேண்ணே அறுத்தேன்" என்றீர்கள், மரத்துக்கு அடியில் கிடந்தபடியே.

கால் கடைசிவரை நேராகவில்லை. தோட்டத்தில் இனி வேலை இல்லை என்று உங்களை இறக்கி அனுப்பினார்கள். அண்ணனும் உங்களோடு இறங்கிவிட்டார். என்னை மலையிலேயே கட்டிக்கொடுத்தார்கள், நான் போடிக்கு இறங்கியது வெகு காலம் கழித்து. ராசிங்காபுரம் வரும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுப்பேன், நீங்கள் முடிக்க விடமாட்டீர்கள்.

"ஒனக்கு அன்னைக்கு இளைப்பு. வாயத் தொறந்தா வெறுங்காத்துதேன் வந்துச்சு. நாந்தேன் பாத்தேன்ல? விடு, சோலியப் பாரு."

நானும் தலையாட்டிவிட்டு வருவேன். எத்தனை வருடம் ஆட்டினேன்! போன தையில் உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்று எனக்கு இளைப்பு இல்லை மதினி. ஒரு மாதமாகவே இல்லை. நீங்கள் காய்ச்சித் தந்ததைக் குடித்து மூச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. "நான்" என்று ஒரு சொல் சொல்ல அது தாராளமாகப் போதும்.